முதல் பாட்டு வெளியாகும் முன்னாடி ஒரு தாள் எழுதுங்க

இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்துட்டோம், மத்தபடி பேசினது அப்படியே இருக்கு.

இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். உத்திரமேரூர் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு ஃபோக் ராக் பேண்ட் எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ப் பக்கம்னு கொஞ்சம் கூடுதல் ஆசையோடவே படிச்சேன். கிடார், பேஸ், டிரம்ஸ், பாட்டுன்னு நாலு பசங்க. கூடவே கூத்தில் முகவீணை வாசிக்கிற ஒரு பெரியவர். எல்லாரும் அவரை "வாத்தியார்"னுதான் கூப்பிடறாங்க. நாலு பாட்டு தயார். மூணு பாட்டு இவங்களே கட்டினது. ஒண்ணு மட்டும் வாத்தியார் சின்ன வயசுல இருந்து பாடிட்டு வர்ற மெட்டு. கையில 40,000 ரூபாய் இருக்கு. கேள்வி இதுதான்: "அண்ணா, காசை ஸ்டூடியோவுக்குப் போடறதா, வீடியோவுக்குப் போடறதா? ஒரு கம்பெனிக்காரங்க 'எல்லாம் நாங்க பாத்துக்கறோம், கையெழுத்து மட்டும் போடுங்க'ன்னு சொல்றாங்க. போடலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஸ்டூடியோவுக்கும் வீடியோவுக்கும் முன்னாடி, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கு. யார் என்ன செஞ்சாங்க, எது யாருக்குச் சொந்தம், வர்ற காசு எப்படிப் பிரியும்னு ஒரு தாளில் எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போடறது. எந்த பேண்டுக்கும் இது வேணும். ஆனா ஊர்ப் பாட்டை எடுத்து கிடாரோட சேர்க்கிற பேண்டுக்கு இது இல்லைன்னா, முதல்ல நஷ்டப்படப் போறது வாத்தியார்தான். எப்படின்னு பார்ப்போம்.

முன்னாடி போனவங்க எந்த வாசல் வழியா போனாங்க

முதல்ல டெல்லி. இந்தியன் ஓஷன் 1990இல் தொடங்கிய பேண்ட். டெமோ பதிவு செய்யப் பணம் இல்லாமல் சுஷ்மித் சென் தன் எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை விற்றார். முதல் ஆல்பத்தை 1993இல் எச்எம்வி வெளியிட்டது. அது கேசட் காலம். கேசட் அடிக்கணும், லேபிள் ஒட்டணும், ஊர் ஊரா கடைக்கு அனுப்பணும். அதைக் கம்பெனியால மட்டும்தான் செய்ய முடியும். அதனால கம்பெனிதான் வாசல்.

அடுத்த ஆல்பமான 'டெசர்ட் ரெயின்' ஸ்டூடியோவில் பதிவானதே இல்லை. 1997 ஜனவரி 1 அன்று டெல்லியில் நடந்த சஃப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சியில் மேடையில் வாசித்ததன் பதிவு அது. 2000இல் வந்த 'கந்தீசா' ஆல்பத்தில் 'மா ரேவா' என்று ஒரு பாட்டு உண்டு. நர்மதை ஆற்றைப் பற்றிய நாட்டுப்புறப் பாட்டு. பேஸ் வாசிக்கும் ராகுல் ராம், நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்தில் வேலை செய்த காலத்தில் அதைக் கற்றுக்கொண்டார். பிறகு 2010இல், '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தின் ஏழு பாட்டையும் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். கேசட்டில் இருந்து இலவச டவுன்லோடு வரைக்கும், ஒரே பேண்டோட கதையிலேயே வாசல் மாறிப்போச்சு பாருங்க.

ரெண்டாவது, கர்நாடகா. ரகு தீட்சித் பல வருஷம் மேடையில் பாடியும் எந்தக் கம்பெனியும் ஆல்பம் போட முன்வரவில்லை. கடைசியில் இந்தி சினிமா இசையமைப்பாளர்களான விஷால்–சேகர் இருவரும் தங்கள் லேபிள் மூலம் 2008இல் அவர் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவி சிசுநாள ஷரீஃப் பாடல்களை கிடாரோடு பாடுகிறவர் ரகு. அவரு காலத்துல வாசல்ங்கறது காது கொடுத்துக் கேட்ட ரெண்டு பேர்.

மூணாவது, நம்ம சென்னை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டில் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தில் இருந்து வந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் கட்டமோளமும் கிடாருக்குப் பின்னால் ஒளிஞ்சுக்காம முன்னாடி நின்னுச்சு. மேடை முதலில், பிறகு யூடியூப். அந்தக் குழுவில் பாடிய கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

மூணு கதையிலயும் மேடை வருது. மூணுலயும் ஊர்ப் பாட்டு வருது. மாறினது வாசல் மட்டும்தான். இன்னிக்கு உத்திரமேரூர்ல உட்கார்ந்துக்கிட்டே ஒரு பாட்டை உலகம் முழுக்க ஏத்திடலாம். வாசல்ல யாரும் நிறுத்தறதில்லை. அதே சமயம், பேப்பர் வேலையைப் பாத்துக்கவும் யாரும் இல்லை. முன்னாடி கம்பெனி நல்லதோ கெட்டதோ ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. இப்போ அந்த வேலை உங்க தலையில.

ரெக்கார்டிங்: முதல்ல கட்டை

முகவீணை, நாகஸ்வரத்தோட சின்ன தம்பி மாதிரி. சீவாளி வெச்சு ஊதற வாத்தியம், சத்தம் கூர்மையா மேல போகும். காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துல ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளத்தோட அது ராத்திரி முழுக்க ஒலிக்கும். இந்தக் கலையை நேர்ல பாக்கணும்னா ரொம்ப தூரம் போக வேணாம். பி. ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில்தான் இருக்கிறது.

கிடாரை எப்ப வேணாலும் சுதி மாத்தலாம். முகவீணையையும் ஆர்மோனியத்தையும் நினைச்ச இடத்துக்கு நகர்த்த முடியாது. அதனால கிடார்தான் அவங்ககிட்டப் போகணும். நம்ம ஊர்க் கணக்குல ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி. வாத்தியார் 4 கட்டைன்னு சொன்னா, கிடார்ல முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஈ கார்டு வடிவத்துலயே வாசிக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை: பழைய ஆர்மோனியம் டியூனரோட அளவுக்கு அச்சு அசலா பொருந்தாது, கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். முதல்ல ஆர்மோனியத்தையும் முகவீணையையும் டியூனர் செயலியில் அளந்துடுங்க. எவ்வளவு தள்ளி இருக்கோ அந்த அளவுக்கு கிடாரையும் பேஸையும் திருப்புங்க. இதை பதிவு அன்னிக்குக் கண்டுபிடிச்சா பாதி நாள் போயிடும். ஒரு வாரம் முன்னாடி பண்ணினா அரை மணி நேர வேலை.

அடுத்தது வேகம். ஸ்டூடியோவில் காதில் டிக் டிக்னு ஒரு கிளிக் ஓடும், எல்லாரும் அதுக்கு வாசிக்கணும். கூத்துப் பாட்டு அப்படி ஒரே வேகத்துல நிக்காது. காட்சி ஏற ஏற பாட்டும் ஏறும். அதை கிளிக்குக்குள்ள அடைச்சா உயிரே போயிடும். வழி இருக்கு. அஞ்சு பேரும் கிளிக் இல்லாம ஒண்ணா வாசிச்சு ஒரு வழிகாட்டிப் பதிவு எடுங்க. பிறகு ரீப்பர் மாதிரி மென்பொருளில் அந்தப் பதிவோட ஒவ்வொரு தாளத்தையும் குறிச்சு, வேக வரைபடம் போடுங்க. இப்போ கிளிக் உங்க வேகத்தைப் பின்பற்றும். அதுக்கு மேல தனித்தனியா வாசிச்சுக்கலாம்.

வாத்தியார் ஹெட்ஃபோன் போட்டுப் பழக்கம் இல்லாதவரா இருப்பார். ஒரு காதுல மட்டும் போட்டுக்கச் சொல்லுங்க, இன்னொரு காதுல தன் வாத்தியம் நேரா கேட்கட்டும். கணினியில் பஃபர் அளவையும் பாருங்க. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது பஃபர் 1,024 என்றால், தான் ஊதினது தன் காதுக்குத் திரும்பி வர குறைந்தது 21 மில்லி செகண்ட் ஆகும். ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி செகண்ட். அப்போ, தன் முகவீணையை குறைஞ்சது ஏழு மீட்டர் தள்ளி நின்னு யாரோ ஊதற மாதிரி அவருக்குக் கேட்கும். வாத்தியார் தாளம் விடறார்னு நினைப்பீங்க, தப்பு கணினியோடது. பஃபரை 128க்குக் குறைச்சா இந்தத் தாமதம் ரொம்பக் குறைஞ்சுடும்.

மைக்கை முகவீணையோட வாய்க்கு நேரா வைக்காதீங்க, காதைக் கிழிக்கும். ஒரு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல, துளைகளைப் பார்த்த மாதிரி வெச்சுத் தொடங்குங்க. அளவுமானி உச்சம் மைனஸ் 10 பக்கத்துல நின்னா போதும். 24 பிட்டில் பதிவு பண்ணினா, சத்தம் குறைவா இருந்தாலும் பிறகு ஏத்திக்கலாம். உச்சத்துல உடைஞ்ச சத்தத்தைச் சரி பண்றது ரொம்பக் கஷ்டம்.

டிரம்ஸுக்கு நல்ல அறை வேணும், அதுக்கு ஸ்டூடியோ போங்க. கிடார், பாட்டு ரெண்டையும் வீட்டிலயே எடுக்கலாம். மூலையில மெத்தை, சுவத்துல கம்பளி, தரையில கோரைப்பாய். ஃபேனை நிறுத்தணும், இன்வெர்ட்டர்ல ஓடும்போது பின்னால 'ம்ம்'னு ஒரு சத்தம் வருதான்னு பாக்கணும். ராத்திரி அமைதியா இருக்கும்னு நம்பி ஐப்பசில தேதி குறிச்சுடாதீங்க. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இருக்கிற ஊர் இது, மழை பெஞ்சா தவளைங்க கச்சேரியை முதல்ல ஆரம்பிச்சுடும்.

கடைசியா ஒண்ணு. பதிவு முடிஞ்ச அன்னிக்கே, தனித்தனி டிராக்குகளையும் செஷன் ஃபைலையும் உங்க ஹார்ட் டிஸ்க்ல வாங்கிட்டு வாங்க. ரெண்டு பிரதி, ரெண்டு வீட்டுல. "அப்புறம் அனுப்பறேன்"ங்கற வார்த்தையை நம்பி எத்தனை பாட்டு காணாமப் போச்சோ.

அந்தத் தாள்

நான் வக்கீல் இல்லை, கோடு எழுதறவன். ஆனா 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பேண்டுக்குத் தேவையான பகுதி, நாம தினமும் படிக்கிற மென்பொருள் உரிமங்களை விட எளிமையாத்தான் இருக்கு.

ஒரு பாட்டுக்குள்ள மூணு உரிமை இருக்கு. ஒண்ணு, பாட்டு: வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரியது. அவர்கள் வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். ரெண்டு, ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர்: வெளியானதில் இருந்து 60 ஆண்டுகள். இதற்குச் சொந்தக்காரர், பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் என்கிறது சட்டம். காசு போட்டு ஏற்பாடு பண்ணினது நீங்கன்னா மாஸ்டர் உங்களோடது. அறையை வாடகைக்கு விட்டதால ஸ்டூடியோவுக்குப் போயிடாது. மூணு, வாசித்தவர், பாடியவருக்கான உரிமை: 50 ஆண்டுகள். தன் வாசிப்பு வணிக ரீதியாகப் பயன்படும்போது ராயல்டி கேட்கவும், தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லவும் 2012 திருத்தம் வாசிப்பவருக்கு இடம் தருகிறது.

இப்போ வாத்தியார் கதைக்கு வருவோம். அவர் பாடற மெட்டு மூணு விதமா இருக்கலாம். யார் கட்டினதுன்னே தெரியாத பழம்பாட்டுன்னா, அது யாருக்கும் சொந்தமில்லை. அதுக்கு நீங்க சேர்த்த புது இசையமைப்பு மட்டும் உங்களோடது. வாத்தியாரோ அவருக்குக் கத்துக்கொடுத்தவரோ கட்டினதுன்னா, அது உரிமை உள்ள பாட்டு. அனுமதி வாங்கணும், பங்கு கொடுக்கணும். மூணாவதுதான் யாரும் கவனிக்காதது: உங்க மூணு பாட்டுக்கு நடுவுல வாத்தியார் புதுசா ஊதின அந்த எட்டு வரி. ஜனங்க வாயில நிக்கப்போறதே அதுதான்னா, அவர் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர்களில் ஒருத்தர்.

ஆனா நடைமுறைல என்ன நடக்குது? பாட்டை ஏத்தும்போது 'இசை' என்ற இடத்துல பேண்ட் பெயர், 'பாரம்பரியம்'னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பாரம்பரியம்னு எழுதினதும் அந்தப் பாட்டைச் சுமந்துட்டு வந்த ஆள் காணாமப் போயிடறார். ஒரு நாள் கூலி, ஒரு சாப்பாடு, ஒரு செல்ஃபி. சாதியால ஒதுக்கி வெச்ச கைகள்ல வளர்ந்த வாத்தியங்களும் பாட்டுகளும் நம்ம ஊர்ல நிறைய. அதே பாட்டு மேடைக்கு வந்த பிறகும் பேர் வராம போனா, நாம புதுசா என்ன செஞ்சோம்?

அதனால வாத்தியார்கிட்டக் கேளுங்க: "வாத்தியாரே, இது யார் கட்டினது? யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க? எந்த ஊர்?" போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. பழம்பாட்டாவே இருந்தாலும், "இந்த ஊர், இன்னார்கிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டது"ன்னு விவரத்துல எழுதுங்க. அதுக்குச் சட்டம் தேவையில்லை, மரியாதை போதும்.

பெரிய வெற்றி வந்தா எல்லாம் தானா சரியாயிடும்னு நினைக்கவேணாம். 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் போன பாட்டு. அதில் இருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அதுல யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரலை. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டுக்கே கணக்கு ஒரு கேள்வியா வந்து நிக்கும்போது, நம்ம கணக்கு முதல் நாளே எழுத்துல இருக்கணும்.

இப்போ அந்தக் கம்பெனி. சட்டப்படி உரிமையை மாத்தித் தரணும்னா எழுத்து வேணும், கையெழுத்து வேணும், வாய்ப்பேச்சுல மாறாது. எத்தனை ஆண்டுன்னு ஒப்பந்தத்தில் எழுதலைன்னா ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும். ஆக, நீங்க கையெழுத்துப் போடும் தாளில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்"னு ரெண்டு சொல் இருந்தா, சட்டம் உங்களுக்குத் தரும் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுத் தர்றீங்க. பதிலுக்கு என்ன கிடைக்குதுன்னு கேளுங்க. கேட்க வேண்டியது அஞ்சு: மாஸ்டர் யாருக்கு? எத்தனை வருஷம்? அடுத்த பாட்டுகளும் இதுக்குள்ள வருமா? எத்தனை மாசத்துக்கு ஒருமுறை கணக்கு? விலகணும்னா எப்படி? அஞ்சுக்கும் எழுத்துல பதில் வரலைன்னா கையெழுத்துப் போடாதீங்க.

கணக்கைப் பத்திப் பேசறதுக்கு உத்திரமேரூரை விட நல்ல ஊர் கிடையாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இருக்கிற முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறைக்காக எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே கல்வெட்டுல இன்னொரு விதி உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. சுமார் 1,100 வருஷம் முன்னாடி, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் கணக்கு கேட்ட ஊர் இது. அஞ்சு பேர் பேண்டுக்கு ஒரு தாள் எழுத வெட்கப்பட வேணாம்.

வெளியீடு: கொஞ்சம் முன்னாடியே

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் மாதிரி தளங்களுக்கு நேரா ஏத்த முடியாது. நடுவில் ஒரு விநியோகச் சேவை வேணும். சிலது ஆண்டுக் கட்டணம் வாங்கும், சிலது வருமானத்தில் சதவீதம் எடுக்கும். ஆண்டுக் கட்டணச் சேவையில் ஒரு விஷயத்தைப் படிச்சுப் பாருங்க: பணம் கட்டறதை நிறுத்தினா பாட்டு இறங்கிடுமா? யார் மெயில் ஐடியில் கணக்கு இருக்கு, பாஸ்வேர்டு யார்கிட்ட? இதையும் தாளில் எழுதுங்க. ஒருத்தர் பேண்டை விட்டுப் போனா, பாட்டும் அவரோட போயிடக் கூடாது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்துகளும் எண்களும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. பாட்டுக்கு அதுதான் ஆதார் எண். விநியோகச் சேவையே தரும், குறிச்சு வெச்சுக்கோங்க. நாளைக்கு வேற சேவைக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தாத்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் 1969இல் இருந்து இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி, பாட்டுகளையும் பங்கையும் பதிவு செய்யலாம். அங்க பதியணும்னாலும் முதல்ல கேட்கறது பங்கு எவ்வளவுன்னுதான். தாள் இருந்தா பத்து நிமிஷம்.

ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை அனுப்பணும்னா, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னாடி அனுப்பணும். பாதுகாப்பா நாலு வாரம் முன்னாடியே ஏத்திடுங்க. 2024இல் இருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்க காசு கிடையாது. யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேணும். இதைச் சொல்றது பயமுறுத்த இல்லை. முதல் வருஷம் இதுல இருந்து சம்பளம் வராது, அந்தத் தெளிவோட காசை ஒதுக்கணும்.

நாலு பாட்டையும் ஒரே நாள்ல விடாதீங்க. அஞ்சாறு வாரத்துக்கு ஒண்ணு. உங்க சொந்தப் பாட்டுல தொடங்குங்க, வாத்தியார் மெட்டை நாலாவதா வைங்க. அதுக்குக் காரணம் உண்டு. அந்த மெட்டை இன்னொரு குழுவும் பதிவு பண்ணி ஏத்தியிருந்தா, யூடியூப்பின் தானியங்கி முறை உங்களைத் திருடன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. மூலம் யார், எப்படிக் கத்துக்கிட்டோம்ங்கற ஆதாரத்தைத் திரட்ட உங்களுக்கு நாலஞ்சு மாசம் கிடைக்கும்.

காசும் விளம்பரமும்

ஸ்டூடியோவா வீடியோவான்னு கேட்டீங்க. ரெண்டையும் ஒரே நாள்ல எடுங்க. ஸ்டூடியோவில் அஞ்சு பேரும் ஒண்ணா வாசிக்கறதை ரெண்டு போன்ல, படுக்கை வாட்டத்துல ஒண்ணு, நிமிர்ந்த வாட்டத்துல ஒண்ணு. முகவீணை எப்படி இருக்கும்னே பாக்காத ஒரு தலைமுறை இருக்கு. வாத்தியார் விரல் ஓடறதைப் பக்கத்துல காட்டினாலே போதும், ட்ரோன் தேவையில்லை.

கணக்குப் போடற முறைக்கு ஒரு உதாரணம், விலை ஊருக்கு ஊர் மாறும். ரெண்டு நாள் ஸ்டூடியோ 16,000. நாலு பாட்டு மிக்ஸிங், மாஸ்டரிங் 12,000. வாத்தியார் சம்பளம், வண்டி, சாப்பாடு 5,000. விநியோகச் சேவை 2,000. மீதி 5,000 கைவசம். வாத்தியார் கூத்துக்குப் போனா ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குவாரோ, அதுல ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீங்க. "நம்ம பேண்ட்தானே வாத்தியாரே"ன்னு சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கறதுதான் முதல் ஏமாத்து.

விளம்பரத்துக்கு முதல் ஆள், நம்ம ஊர் மைக்செட் கடைக்காரர். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம்னு காலைல அஞ்சு மணிக்கே ஸ்பீக்கர் கட்டறவர் அவர். அவர் பென் டிரைவுல உங்க பாட்டு ஏறினா, பத்து கிராமம் கேட்கும். அடுத்து மினி பஸ், ஷேர் ஆட்டோ. வாட்ஸ்அப்ல அனுப்பும்போது லிங்க் மட்டும் போடாம, நீங்களே முப்பது நொடி பேசி அனுப்புங்க. இன்ஸ்டாகிராமுக்கு முழுப் பாட்டும் வேணாம், வாத்தியாரோட அந்த எட்டு வரி போதும்.

சென்னை மேடைகளுக்கும் எழுதுங்க. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', 2007இல் தொடங்கி இடையில் நின்று 2023இல் அரசு மீண்டும் நடத்திய 'சென்னை சங்கமம்' மாதிரி மேடைகள் நாட்டுப்புறக் கலைஞர்களுக்காகவே உருவானவை. அனுப்பும்போது மூணு நிமிஷ நேரடி வீடியோ ஒண்ணு, அஞ்சு பேர் பெயர், என்னென்ன வாத்தியம், எத்தனை மைக் தேவை, இவ்வளவும் ஒரே பக்கத்துல. ஏற்பாடு பண்றவங்களுக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.

தாளில் என்ன இருக்கணும்

இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

1. ஒவ்வொரு பாட்டுக்கும்: பெயர், வரி யார், மெட்டு யார், சதவீதம். பழம்பாட்டுன்னா யார்கிட்ட, எந்த ஊர்ல கத்துக்கிட்டது.

2. யார் எந்த வாத்தியம் வாசிச்சாங்க, பெயரை எப்படி எழுதணும். தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் ஒரே எழுத்துக்கூட்டல், எல்லா இடத்துலயும்.

3. மாஸ்டர் யாருக்கு. என் யோசனை: முதல் 40,000 திரும்பி வர்ற வரைக்கும் வருமானம் காசு போட்ட நாலு பேருக்கு, அதுக்கு மேல அஞ்சு சம பங்கு. வாத்தியார் அன்னிக்கு வாங்கின சம்பளம் தனி, அது இதுல கழியாது.

4. விநியோகக் கணக்கு, யூடியூப் கணக்கு, மெயில், பாஸ்வேர்டு: குறைந்தது ரெண்டு பேர்கிட்ட.

5. ஒருத்தர் விலகினா என்ன. ஏற்கெனவே வந்த பாட்டுல அவர் பங்கு தொடரும், பேண்ட் பெயர் யாரோட இருக்கும்னு.

6. ஆறு மாசத்துக்கு ஒருமுறை கணக்கு காட்டற ஆள் யார், எந்த மாசம்.

7. தேதி, கையெழுத்து. வாத்தியாருக்குப் படிச்சுக் காட்டிட்டு அவருக்கும் ஒரு பிரதி. அவர் இல்லாத காலத்துல பங்கு யாருக்குப் போகணும்னு அவர் சொல்ற பெயர்.

ஏழாவதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமா இருக்கும், தெரியும். பெரியவர்கிட்ட இதை எப்படிக் கேட்கறதுன்னு தயங்குவீங்க. "வாத்தியாரே, இந்தப் பாட்டு எங்களுக்கு அப்புறமும் ஓடும், உங்க வீட்டுக்கும் வரணும்"னு நேரா சொல்லுங்க. கேட்டு வருத்தப்பட மாட்டார்.

பேண்ட் தம்பிங்களா, பதிவு தேதி குறிக்கிற அன்னிக்கே தாளையும் முடிச்சுடுங்க. பாட்டு வெளியானதும் லிங்க் அனுப்புங்க, இங்கயே போடலாம், அஞ்சு பேர் பெயரோட. அடுத்த எபிசோடில் மிக்ஸிங் பத்தி, அதுலயும் குறிப்பா முகவீணையும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்போது என்ன பண்றதுன்னு பேசலாம்.